பித்து: உவமையும் நோயும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இலக்கிய விழாவில் மருத்துவப் பொருள் ஒன்று பேச்சுக்கு வருவது ஏன் என்னும் வினா எழக்கூடும். விடை எளிது. பித்து என்னும் சொல் மருத்துவர்களைக் காட்டிலும் கவிஞர்களிடமே மிகுதியாகப் புழங்குகிறது. கவியரங்கில் ஒருவரைப் பித்தர் என்றால் அது பாராட்டு. தெருவில் அதே சொல் வசை. மருத்துவமனையில் அச்சொல் சுட்டும் நிலை ஒரு நோய். மேனியா என்பது அதன் மருத்துவப் பெயர். பாராட்டும் வசையும் நோயும் ஒரே சொல்லுக்குள் கலந்து கிடப்பதால் விளையும் தீங்கு சிறிதன்று. பாராட்டுவோரும் ஏசுவோரும் தத்தம் வழியே போய்விட, நோயுற்றவர் நடுவில் தனித்து விடப்படுகிறார்.

பித்து என்ற சொல்லின் வேர் மருத்துவத்திலேயே இருக்கிறது. பித்தம் மிகுந்தால் அறிவு கலங்கும் என்பது பழைய மருத்துவக் கொள்கை. கிரேக்கரும் மனச்சோர்வு நோய்க்குக் 'கரும்பித்தம்' எனப் பொருள்படும் சொல்லையே பெயராக வைத்தனர். மருத்துவத்தில் பிறந்த இச்சொல்லைப் பத்தி இலக்கியம் எடுத்து ஆண்டது. சுந்தரர் தம் திருமணத்தின்போது ஓலையோடு வந்து வழக்கிட்ட முதியவரைப் பித்தன் என்று ஏசினார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு முதியவர் பக்கம் தீர்ந்தபின், ஏசிய சொல்லையே முதலாகக் கொண்டு பாடுமாறு பணிக்கப்பட்டார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அன்று முதல் தமிழில் இச்சொல் இழிவு நீங்கி உயர்வு பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் சொ. விருத்தாசலம் தம் புனைபெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டு புதுமைப்பித்தன் ஆனார்.

வடசென்னைக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. அந்தச் சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்து, மகிழ மரத்தடியில் பிரியேன் எனச் சூளுரைத்து, அதை மீறி எல்லை கடந்தபோது பார்வை இழந்தது திருவொற்றியூரில். ஆண்டுதோறும் மாசிப் பெருவிழாவில் நடைபெறும் மகிழடி சேவை அதன் நினைவே. பட்டினத்தார் அடங்கிய இடமாகப் போற்றப்படும் கோயிலும் அவ்வூர்க் கடற்கரையை ஒட்டியே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் கோவணத்தோடு வீதியில் நடந்தபோது, கண்டவர்கள் அவரைப் பித்தர் என்றே எண்ணியிருப்பர்.

இங்கேதான் கவிஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உள்ளது. பட்டினத்தார் பொருளை விட்டார். மேனியா நோயுற்றவர் பொருளை இழக்கிறார். விடுதல் வேறு, இழத்தல் வேறு. துறவி உறக்கத்தைக் குறைத்துக்கொள்கிறார். நோயுற்றவரை விட்டு உறக்கம் தானே விலகுகிறது. அடியார் பித்து என்பது ஓர் உவமை. தன்வயம் உள்ள ஒருவர் தம்மையே ஒப்படைத்த நிலைக்கு, தன்வயம் இழந்தவரின் நிலையை ஒப்பாகச் சொன்னார்கள். உவமையைப் பொருள் என்று கொண்டால் கவிதைக்குக் கேடில்லை; ஒரு மனிதருக்குக் கேடு உண்டு.

அந்நோய் எவ்வாறு வரும்? பெயரில்லாத ஒருவரை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்ளலாம். அவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர், வயது முப்பது, திங்கள்தோறும் ஓர் இலக்கியக் கூட்டத்திற்கு வந்து, பின்வரிசையில் அமர்ந்து, கேட்டால் மட்டும் ஒரு கவிதை படிப்பவர். தொடர்ந்து இரண்டு வாரம் இரவு ஷிப்ட் பார்க்கிறார். பகலில் வீட்டில் உறங்க வழியில்லை. மூன்றாம் வாரம் உறக்கமே வேண்டாம் என்றாகிவிடுகிறது. இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தாலும் களைப்பு இல்லை. உறக்கமின்மையால் துன்புறுவோர் மறுநாள் சோர்ந்து கிடப்பர். இவரோ முன்னிலும் சுறுசுறுப்பாக இருக்கிறார். நோயின் முதல் அடையாளமும் உறுதியான அடையாளமும் இதுவே.

அடுத்துப் பேச்சு பெருகுகிறது. ஒரு கருத்து முடியுமுன் மற்றொன்று முந்துகிறது. எதுகை மோனை தாமே வந்து விழுகின்றன. நான்கு நாளில் நாற்பது கவிதை எழுதுகிறார். இராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லாத் தொழிலாளர்க்கும் ஒரு பதிப்பகம் தொடங்கப்போவதாக நண்பர்களிடம் சொல்கிறார். நண்பர்கள் கைதட்டுகிறார்கள். மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போகின்றன. அச்சகத்திற்கு முன்பணம், வாடகைக்குக் கட்டடம், வட்டிக்குக் கடன். ஏன் என்று கேட்ட மேற்பார்வையாளரோடு கைகலப்பு. உலகத்தைத் திருத்தவே தாம் பிறந்ததாகவும், வானொலிச் செய்தி தமக்காகவே வாசிக்கப்படுவதாகவும் ஒருநாள் சொல்லும்போதுதான் எல்லோருக்கும் அச்சம் தட்டுகிறது. அதற்குள் மூன்று வாரம் கடந்துவிட்டது. காற்று, கறுப்பு, செய்வினை என்று உறவினர் கூடிப் பேசுகிறார்கள்.

மருத்துவ நூல்கள் இதையே வரையறுத்துச் சொல்கின்றன. வழக்கத்துக்கு மாறான மனவெழுச்சியோ எரிச்சலோ மிகுந்த ஆற்றலோடு சேர்ந்து குறைந்தது ஒரு வாரம் நீடித்தால் அது மேனியா. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றினால் ஒரு வாரக் கணக்கும் தேவையில்லை. நான்கு நாள் அளவில், வாழ்வைக் குலைக்காமல் தோன்றுவது அதன் மென்மையான வடிவம். உறக்கத் தேவை குறைதல், பேச்சுப் பெருக்கம், எண்ண ஓட்டம், கவனச் சிதறல், தன்னைப் பற்றிய மிகை மதிப்பு, ஓயாத செயல், விளைவு எண்ணாத செலவும் துணிச்சலும் ஆகியவை அதன் குறிகள். மகிழ்ச்சி இதில் கட்டாயம் இல்லை. சினம் ஒன்றே முகமாக வரும் மேனியாவும் உண்டு. அதனாலேயே குடிப்பழக்கம் என்றும் திமிர் என்றும் தவறாகக் கொள்ளப்பட்டு, காவல் நிலையம் வரை போனபின் மருத்துவரிடம் வருவோர் உண்டு.

எழுச்சி என்றும் நிலைப்பதில்லை. அது வடிந்தபின் பெரும்பாலோர்க்கு மனச்சோர்வு வருகிறது. ஒரே நோயின் இரு முனைகளாதலின் இதை இருதுருவ நோய் என்பர். பிரெஞ்சு மருத்துவர் ஃபால்ரே 1854 இல் இதை வட்டமாகச் சுழலும் நோய் என்று கண்டறிந்து எழுதினார். சோர்வின்போது நோயாளி எழுந்து பார்ப்பது அடகுச் சீட்டுகளையும், விலகிய நண்பர்களையும், தாம் பேசிய பேச்சின் நினைவையும்தான். உயிருக்கு ஆபத்து மிகுவது அவ்வேளையில். இது அரிதான நோயுமன்று. 2017 இல் இந்தியாவில் 76 இலட்சம் பேர் இந்நோயோடு வாழ்ந்ததாக மாநிலவாரி நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. மரபுக் கூறும் மூளையின் இயக்கமும் இதற்கு அடிப்படை. உறக்கக் கேடும் பெரும் மனநெருக்கடியும் அதைத் தூண்டிவிடும் பொறிகள். மூன்று ஷிப்டில் இயங்கும் துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த ஒரு வட்டாரத்தில் இப்பொறிக்குப் பஞ்சமில்லை.

இனிக் கவிஞர்கள் மனத்தில் ஓடும் வினாவுக்கு வரலாம். நாற்பது கவிதை வந்ததல்லவா? நோய் போனால் கவிதையும் போய்விடுமோ? இவ்வினாவைப் புறந்தள்ளுதல் கூடாது. மருந்தை நிறுத்தும் கலைஞர்கள் பலர் சொல்லும் காரணம் இதுவே.

அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்டிரியாசன் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், அயோவா எழுத்தாளர் பட்டறையைச் சேர்ந்த 30 பேரில் 80 விழுக்காட்டினர் வாழ்வில் ஒருமுறையேனும் மனநிலை நோய்க்கு ஆளானவர் என்று கண்டார். எழுத்தாளரல்லாத ஒப்பீட்டுக் குழுவில் அது 30 விழுக்காடு. பித்துக்கும் கலைக்கும் உறவுண்டு என்பார் எடுத்துக்காட்டும் ஆய்வு இது. சிறு குழு, ஒரே ஆய்வாளரின் நேர்காணல் என்னும் குறைகள் இதற்கு உண்டு. ஆனால் அவ்வாய்வாளரே சொன்ன மற்றொரு செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. அவ்வெழுத்தாளர்கள் எழுதியது எழுச்சியிலும் அன்று, சோர்விலும் அன்று. இரண்டுக்கும் இடையில் மனம் நிலைத்திருந்த காலத்தில்தான்.

ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் ஷூமானுக்கு இருதுருவ நோய் இருந்ததென்று பலர் கருதுவர். எழுச்சி மிகுந்திருந்த 1840, 1849 ஆகிய ஆண்டுகளில் அவர் இயற்றியவை எண்ணிக்கையில் மிக அதிகம். உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் 1994 இல் அவற்றை ஒரு கணக்குக்கு உட்படுத்தினார். எந்தப் படைப்பு எத்தனை முறை இசைத்தட்டாகப் பதிவு பெற்றது என்பதைத் தரத்தின் அளவுகோலாகக் கொண்டார். எழுச்சி ஆண்டுகளில் எண்ணிக்கை பெருகியதே தவிர, சராசரித் தரம் உயரவில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஷூமானின் கடைசி இரண்டாண்டுகள் மனநோயர் இல்லத்தில் கழிந்தன. 1856 இல் அங்கேயே மறைந்தார்.

மருந்து கலையைக் கொல்லுமா என்பதை டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ நேரடியாகவே கேட்டார். லித்தியம் உட்கொண்ட 24 கலைஞர்களிடம் அவர் வினவி 1979 இல் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் தம் படைப்பு பெருகியது என்றனர். 6 பேர் மாற்றமில்லை என்றனர். 6 பேர் குறைந்தது என்றனர். குறைந்தது என்ற அறுவரின் சொல்லையும் மதிக்கவேண்டும். மருந்தின் அளவை மருத்துவரோடு பேசித் திருத்திக்கொள்ள வழி உண்டு. ஆயினும் பாதிப் பேர் பெருகியது என்றதன் காரணம் வெளிப்படை. மருத்துவமனையிலும் படுக்கையிலும் கழியாத நாட்கள் எழுத்துக்குக் கிடைத்தன.

தமிழில் இருவரை இங்கு நினைவுகூர்தல் கடன். 1978 இல் 'ழ' இதழைத் தொடங்கிய கவிஞர் ஆத்மாநாம் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். 1984 இல், 33 ஆம் வயதில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அவருடைய நோய்க்கு இன்று பெயர் சூட்டுவது இலக்கிய வாசகரின் வேலையன்று. ஆனால் அவர் மரணத்தைக் கவிதையின் நிறைவாகப் போற்றும் போக்கு சிற்றிதழ் உலகில் இடையிடையே தலைகாட்டுவதை மறுக்க இயலாது. அவர் கவிதைகளின் தெளிவும் கட்டுப்பாடும் நோயின் கொடை அல்ல. நோய்க்கு எதிரே நின்று காத்துக்கொண்டவை என்று படிப்பதே அவற்றுக்குச் செய்யும் நீதி. அவருக்கு இன்னும் முப்பது ஆண்டு கிடைத்திருந்தால் தமிழுக்குக் கிடைத்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்ப்போர், அம்மரணத்தைப் போற்றத் துணியார்.

மற்றவர் கோபிகிருஷ்ணன். உளவியலும் சமூகப் பணியும் பயின்றவர். மனநோயின் துன்பத்தைத் தம் வாழ்விலும் அறிந்தவர். 2003 இல் மறைந்தார். மனநோயாளிகளின் கூற்றுகளை அவர் தொகுத்தளித்த நூலின் பெயர் 'உள்ளேயிருந்து சில குரல்கள்'. பித்தைப் பற்றிப் பாடியோர் தமிழில் பலர். பித்துற்றவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டவர் சிலர். கோபிகிருஷ்ணன் அச்சிலருள் ஒருவர்.

மருத்துவம் இந்நோய்க்குக் கண்ட முதற் பெரும் மருந்து ஓர் உப்பு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949 இல் மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்கு லித்தியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொடுத்து, நோய் தணிந்ததைப் பதிவு செய்தார். ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர் வீடு திரும்பினார். ஆனால் அவருடைய முதல் நோயாளியே பின்னர் அம்மருந்தின் நஞ்சேற்றத்தால் இறந்தார். குருதியில் மருந்தின் அளவைச் சோதிக்கும் முறை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. இன்று அது உண்டு. லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வர். தைராய்டையும் சிறுநீரகத்தையும் உரிய காலத்தில் சோதிப்பர்.

வடசென்னைத் தொழிலாளர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியத்தின் அளவு குருதியில் ஏறும். உலைக்கூடத்திலும், கப்பல் தளத்திலும், காசிமேட்டு மீன்பிடித் துறையிலும் சித்திரை வைகாசி வெயிலில் உழைப்பவர் வியர்வையாக இழப்பது இவ்விரண்டையுமே. பேதி கண்டாலும் இதே நிலைதான். உடல்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் அளவை ஏற்றும். கை நடுக்கம் மிகுதல், வாந்தி, நடை தள்ளாடல், நாக்குழறல் ஆகியவை கண்டால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குடித்திருக்கிறார் என்று படுக்க வைத்துவிடலாகாது. வால்ப்ரோயேட் முதலிய வேறு மருந்துகளும் உண்டு. அது கருவைத் தாக்குமாதலால் பெண்கள் மருத்துவரிடம் அதுபற்றி வினவிக்கொள்ள வேண்டும். இருதுருவ நோயருக்குச் சோர்வு நீக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது மேனியாவைக் கிளப்பிவிடலாம். ஆகவே மனச்சோர்வுக்காகச் செல்பவர், முன்பு எப்போதேனும் உறக்கமின்றிப் பொங்கிய காலம் உண்டா என்பதைச் சொல்லிவிடுதல் நன்று.

மருத்துவமனைக்குச் செல்லத் தடையாக நிற்பது தொலைவன்று. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று பழையோர் வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் பேருந்தில் போய் வரும் தூரத்தில்தான் இருக்கிறது. தடை அந்த ஊரின் பெயரே. திரைப்பட நகைச்சுவையும் தெருப்பேச்சும் கீழ்ப்பாக்கம் என்பதை ஒரு வசைச் சொல்லாக்கிவிட்டன.

அப்பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1794 இல் வாலன்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர் சென்னையில் மனநோயாளர்க்கு ஓர் இல்லம் நிறுவினார். 1871 இல் அது கீழ்ப்பாக்கத்துத் தோட்டத்துக்கு மாறியது. 1961 இல் அதன் கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். வெளிநோயாளர் பிரிவும் மறுவாழ்வுப் பணிகளும் அவர் காலத்தில் வளர்ந்தன. 1984 இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, 98 ஆம் வயதில், 2021 இல் மறையும் வரை நோயாளர் பக்கமே நின்றார். அடைத்து வைக்கும் இடம் என்பதிலிருந்து குணமாகி வெளியேறும் இடம் என்னும் நிலைக்கு அது நகர்ந்த கதையை அறிந்தோர், அவ்வூரின் பெயரைச் சொல்லிச் சிரிக்க மாட்டார்கள்.

சிரிப்பும் அச்சமும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்டு 6 இல் கண்டது. ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் பகைவர் அல்லர், குடும்பத்தார். வேறு வழி தெரியாதவர்கள்.

வழிகள் இன்று உள்ளன. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை எவ்வடிவிலும் தடைசெய்கிறது. மயக்க மருந்தின்றி மின்னதிர்வுச் சிகிச்சை அளிப்பதையும் தடைசெய்கிறது. மேனியா நோயர்க்கு மிகப் பயன்படும் ஏற்பாடு ஒன்று அச்சட்டத்தில் இருக்கிறது. உடல்நலத்தோடு இருக்கும்போதே, தமக்கு நோய் வந்தால் எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை ஒருவர் எழுதி வைக்கலாம். நலமுற்ற மனம் நோயுற்ற மனத்துக்கு எழுதிவைக்கும் கடிதம் அது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் மனநோயால் இயலாமை உற்ற ஒருவரை அரசு நிறுவனங்கள் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. வேலை போய்விடும் என்றஞ்சி நோயை மறைப்போர் இதை அறிதல் வேண்டும். 2022 முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையும் இயங்குகிறது.

சட்டமும் மருந்தும் வரும் முன்னே வந்து நிற்பவர் நண்பர். ஓர் இலக்கிய வட்டம் செய்யக்கூடியது அங்கேதான் உள்ளது. ஒருவர் திடீரென ஓயாது எழுதத் தொடங்கினால் கவிதையைப் பற்றிப் பேசுவதற்கு முன், எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்று கேட்கலாம். அவர் பெருந்திட்டத்துக்குக் கைதட்டுவதற்கு முன் அவர் வீட்டாரோடு ஒரு சொல் பேசலாம். வாதிட்டுத் திருத்த முயலாமல், உறக்கத்திற்காக மருத்துவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று உடன் செல்லலாம். எழுச்சியில் எழுதியவற்றைக் கிழித்தெறிய விடாமலும், உடனே அச்சேற்ற விடாமலும் ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவர் தேறிவந்து தாமே தேர்ந்துகொள்வார். மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்கு அடுத்த கூட்டத்தின் அழைப்பு வழக்கம்போல் போய்ச் சேரவேண்டும். கூட்டத்தில் அவர் என்றும் அமரும் இடத்தில் அமர்ந்து, என்றும் போல் ஒரு கவிதை படிக்கவேண்டும். நோயைப் பற்றி அவரே பேசினால் கேட்கலாம். பேசாவிட்டால் கவிதையைப் பற்றிப் பேசலாம்.

பித்து என்ற சொல்லைக் கவிஞர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. சுந்தரர் வழி வந்த அச்சொல் தமிழ் உள்ளவரை இருக்கும். அதை உவமையாகவே ஆள்வதும், நோய் வந்தபோது அதை நோய் என்று அறிவதும் சொல்லின் பொருளறிந்தவர்க்குக் கைவரும் செயல்களே. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் நூற்றாண்டு காண்க. அதன் கவிஞர்கள் நிறைந்த உறக்கமும் நீண்ட வாழ்நாளும் பெற்று எழுதுக.